இங்கிலாந்திலிருந்து வேலூருக்கு ஒரு 1951 பி.எஸ்.ஏ.: இறக்குமதிச் சேவை பற்றிய மதிப்புரை

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் தொழிற்சாலைகளின் ஏற்றுமதிச் சரக்குகளுக்கும், தோல் பதனிட வெளிநாட்டிலிருந்து வரும் ரசாயனங்களுக்கும் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு சிறிய கிளியரிங் அலுவலகத்தின் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் 1951-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமில் தயாரான பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள் ஒன்றை இங்கிலாந்திலிருந்து வேலூருக்கு வரவழைத்தேன். அலுவலகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். பழைய வண்டி வேலை அவருக்கு ஆண்டில் எப்போதாவது வருவது. அதற்கென்று கூட்டம் சேர்வதை அவர் விரும்பவில்லை. மேல்விஷாரத்திலோ ராணிப்பேட்டையிலோ தோல் வியாபாரத்தில் இருப்பவர் யாரைக் கேட்டாலும் அவரிடம் வழிகாட்டிவிடுவார்கள். அந்த வட்டாரம் முழுவதும் அவரைப் பாய் என்றே அழைப்பதால், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பி.எஸ்.ஏ. என்றதும் நம் பக்கத்தில் பலருக்கும் எஸ்.எல்.ஆர். சைக்கிள்தான் நினைவுக்கு வரும் என்பதால், வண்டியைப் பற்றி முதலில் சில வரிகள். பி31 என்பது 1945-இல் அறிமுகமாகி 1959 வரை தயாரிக்கப்பட்ட, 348 சி.சி. ஒற்றை சிலிண்டர் வண்டி. நான்கு கியர், வலது காலில் கியர் மாற்றம், ஆறு வோல்ட் மின்சாரம், தீப்பொறிக்கு லூகாஸ் மேக்டைனோ (மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றாகச் சேர்ந்த கருவி). பந்தய வண்டி இல்லை. போரிலிருந்து திரும்பியவர்கள் வேலைக்குப் போய்வர வாங்கிய சாதாரண வண்டி. அதனாலேயே விலை இன்னும் எட்டக்கூடியதாக இருக்கிறது, உதிரிபாகமும் கிடைக்கிறது. இதே நிறுவனத்தின் கோல்ட் ஸ்டார் வண்டியைத் தேடிப் போகிறவர்கள் வேறு அளவு பணப்பையோடு போக வேண்டும்.

நம் நாட்டின் இறக்குமதிக் கொள்கையில் பயன்படுத்திய மோட்டார் வாகனங்களுக்கு இருக்கும் முதல் தடையே வயதுதான். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டியைச் சாதாரண வழியில் கொண்டுவர முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பல ஆண்டுகள் ஓட்டிய வண்டியை ஊருக்குத் திரும்பும்போது கூடவே எடுத்து வரலாம் என்று நினைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து நண்பர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். விதிவிலக்கு மிகப் பழைய வண்டிகளுக்கு உண்டு. முன்பு 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரானவை மட்டுமே அந்த விதிவிலக்கில் அடங்கின. 2025-இல் அந்த எல்லை நீக்கப்பட்டு, தயாரிக்கப்பட்டு ஐம்பது ஆண்டு நிறைந்த வண்டி என்ற அளவுகோல் வந்தது. என் வண்டி 1951-இல் தயாரானது. பழைய விதியின்படி அது ஓர் ஆண்டுக்கு மேல் இளமையாகிப் போயிருக்கும். மூன்று வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட அத்தனை வண்டிகளுக்கும், அதாவது நம் தலைமுறை உண்மையில் ஆசைப்படும் எண்பதுகளின் ஜப்பானிய வண்டிகளுக்கு, இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

பாயின் சேவையில் நான் அதிக மதிப்பெண் கொடுப்பது, பணம் கைமாறுவதற்கு முன்பு அவர் செய்த வேலைக்கு. பொதுவாகக் கிளியரிங் ஏஜென்ட்டிடம் மக்கள் போவது சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான். இவரோ, வண்டியின் படத்தைப் பார்க்கவே ஆர்வம் காட்டாமல், விற்பவரிடமிருக்கும் பதிவுச் சான்றின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றார். பிரிட்டனின் பதிவுச் சான்றான வி5சி-யில் இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கும்: ஒன்று வண்டி முதன்முதலில் பதிவான தேதி, மற்றொன்று பிரிட்டனில் முதலில் பதிவான தேதி. ஐம்பதுகளில் ஆஸ்திரேலியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ ஏற்றுமதியாகி, தொண்ணூறுகளில் திரும்பி வந்த வண்டிகள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட வண்டிகளில் சிலவற்றின் சான்றில் முதல் பதிவுத் தேதியே தொண்ணூறுகளாக இருக்கும். வண்டி எழுபது வயதுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாவிட்டாலும், நம் மோட்டார் வாகன விதிகள் பழம்பெரும் வண்டியின் ஐம்பது ஆண்டைக் கணக்கிடுவது முதல் பதிவு நாளிலிருந்து என்பதால், அந்தச் சான்றை வைத்துக்கொண்டு இங்கே பதிவுக்குப் போராட வேண்டியிருக்கும். நான் முதலில் பார்த்து வைத்திருந்த, பளபளவென்று வண்ணம் தீட்டிய வண்டியை இந்த ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றார். அதைவிட மங்கலான, துருவேறிய மட்கார்டு உடைய, ஆனால் 1951-ஆம் ஆண்டு முதல் பதிவு தெளிவாக இருந்த வண்டிக்கு உடனே சம்மதித்தார்.

அடுத்து அவர் கேட்டது எண்களை. அந்தக் காலத்து பி.எஸ்.ஏ. வண்டிகளில் என்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த என்ஜின் எந்த ஃபிரேமோடு தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பது அனுப்புகைப் பதிவேட்டில்தான் இருக்கும். அந்தப் பதிவேடுகளைப் பாதுகாத்து, கட்டணத்துக்குச் சான்று தரும் பழைய வண்டிச் சங்கங்கள் பிரிட்டனில் உண்டு. 1946-இல் தொடங்கிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் அவற்றில் முதன்மையானது. அங்கிருந்து தயாரிப்பு ஆண்டுச் சான்று பெற்று, அதிலுள்ள எண்களும் வி5சி-யில் உள்ள எண்களும் வண்டியில் பொறித்த எண்களும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசலாம் என்பது பாயின் நிபந்தனை. ஃபிரேம் எண்ணை மிக நெருக்கமாக எடுத்த படத்தில், வண்ணப்பூச்சுக்கு அடியில் ஓர் எழுத்து மங்கியிருந்தது. விற்பவர் அதைச் சுரண்டிக் காட்டும்வரை பாய் அசையவில்லை. இந்தப் பிடிவாதம் அப்போது எனக்குச் சற்று எரிச்சலூட்டியது என்றாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துப் பிரதி எடுக்கும் கட்டத்தில் அதன் பயன் தெரிந்தது. பவுடர் கோட்டிங் அடித்து எண்ணை நிரவிவிட்ட வண்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரும் வாங்க வேண்டாம்.

பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே பழைய வண்டி விளம்பரங்களில் சோதனைச் சான்று இல்லாததைக் குறையாகவும் கொள்ள முடியாது, வண்டி நல்ல நிலையில் இருப்பதற்கு அடையாளமாகவும் கொள்ள முடியாது. விற்பவர் பத்திரப்படுத்தியிருந்த பழைய சோதனைத் தாள்களில் வண்டி ஓடிய மைல் கணக்கு படிப்படியாக ஏறியிருந்ததைப் பார்த்தே நான் முடிவுக்கு வந்தேன். வண்டியின் இயந்திர நிலையைப் பற்றிப் பாய் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அது அவர் வேலையில்லை என்பதை முதல் நாளே தெளிவாக்கிவிட்டார்.

வரிக் கணக்கை அவர் விளக்கிய விதமும் பாராட்டத்தக்கது. வண்டியின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகையின் மீது சுங்க வரி. அந்த வரியையும் சேர்த்த தொகையின் மீது மறுபடி ஜி.எஸ்.டி. வரிக்கு மேல் வரி என்ற இந்த அடுக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, கடைசியில் வரி மட்டுமே வண்டியின் விலையைத் தாண்டிவிடும் என்று வட்டமிட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். பி31-க்கு 348 சி.சி.; அதன் அண்ணனான பி33-க்கு 499 சி.சி. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே வண்டி. எனக்கு ஐந்நூறின் மீது ஒரு கண் இருந்தது. தாளைப் பார்த்த பிறகு அந்தக் கண்ணை மூடிக்கொண்டேன். சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்கிறவருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை என்பதையும் அவரே சொன்னார். அதை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு கட்டணம் சேர்த்திருந்தால் நான் மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பேன்.

பொதி கட்டும் வேலையைப் பிரிட்டனில் இருந்த ஒரு அனுப்புநர் செய்தார். பாய் அவருக்கு அனுப்பிய குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. தொட்டியிலிருந்து பெட்ரோலை முழுக்க வடிக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், கைப்பிடியைத் திருப்பி முன்சக்கரத்தைக் கழற்றிப் பெட்டியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். பலருடைய சரக்கும் சேர்ந்து வரும் பகிர்வுக் கண்டெய்னரில் கட்டணம் எடையிலோ கன அளவிலோ எது அதிகமோ அதன்படி கணக்கிடப்படும். இருநூறு கிலோவுக்குள் அடங்கும் மோட்டார் சைக்கிளுக்கு எப்போதும் கன அளவே மிஞ்சும் என்பதால், பெட்டியில் குறைக்கும் ஒவ்வொரு அங்குலமும் பணம். மரப்பெட்டியின் பலகைகளில் வெப்பப் பதனம் செய்ததற்கான பன்னாட்டு முத்திரை இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். முத்திரையற்ற மரம் வந்தால் உள்ளே இருக்கும் வண்டியில் குற்றம் இல்லாவிட்டாலும் பெட்டி துறைமுகத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவரின் அனுபவம் இத்தகைய இடங்களில் தெரிகிறது. வண்டி ஒரு கீறல் கூடுதலாகப் படாமல் வந்து சேர்ந்தது.

குறைகள் துறைமுகத்தில்தான் தொடங்கின. பயன்படுத்திய வாகனங்களை மும்பைத் துறைமுகம் வழியாகவே இறக்க வேண்டும் என்று கொள்கை சொல்வதால், பழம்பெரும் வண்டி என்றாலும் தகராறுக்கு இடம் வைக்க வேண்டாம் என்று பாய் மும்பையையே தேர்ந்தெடுத்தார். அந்த முடிவு சரியானது. ஆனால் அவருடைய கையும் காலும் இருப்பது சென்னைத் துறைமுகத்தில். மும்பையில் அவர் இன்னொரு ஏஜென்ட்டை நம்ப வேண்டியிருந்தது. இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே என் கேள்விகள் பந்தாடப்பட்டன. மதிப்பீட்டுக்காகச் சார்ட்டர்டு இன்ஜினியர் சான்று தேவை என்ற செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள், சரக்கு நிலையத்தில் வாடகை ஓடத் தொடங்கிவிட்டது. முன்கூட்டியே தந்த மதிப்பீட்டுத் தாளில் வரி துல்லியமாக இருந்தது, கப்பல் கட்டணம் துல்லியமாக இருந்தது. இறங்கும் இடத்துக் கட்டணங்கள் என்ற தலைப்பில் மட்டும் ஒரே ஒரு வரி, ஒரே ஒரு தொகை. நடைமுறையில் அது கண்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், சரக்கு நிலையக் கையாளுகைக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம், தங்கல் வாடகை என்று கிளை விட்டு, மதிப்பிட்ட தொகையைப் போல இரு மடங்கைத் தொட்டது. எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார்கள்; எதுவும் மறைமுகமாக வாங்கப்படவில்லை. இருந்தாலும், தோல் கண்டெய்னர்களில் இந்தக் கட்டணங்களை நாள்தோறும் பார்க்கும் ஒருவர் அவற்றைத் தனித்தனியாக எழுதித் தந்திருக்க முடியும். வாடிக்கையாகச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கு அது தெரிந்த செலவு, என்னைப் போல் வாழ்க்கையில் ஒருமுறை வருபவனுக்கு அது அதிர்ச்சி. இதை அவரிடமே சொன்னேன். அடுத்தவருக்குப் பிரித்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மும்பையிலிருந்து வேலூர்வரை லாரிப் பயணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. புனே, பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே மும்பையை நம் வாசலோடு இணைக்கிறது. பெட்டியை இறக்க ஆட்களை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதைச் சேவையில் சேர்க்கவில்லை.

பதிவு வேலையைப் பாய் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்கு வேண்டிய காகிதங்களை வரிசைப்படுத்திக் கோப்பாகத் தருகிறார். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பழம்பெரும் வாகனப் பிரிவின்படி, படிவம் 20-உடன் காப்பீடு, இறக்குமதியான வண்டியானால் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கத் தாள் ஆகியவற்றை இணைத்து, இருபதாயிரம் ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். சான்று பத்து ஆண்டுக்குச் செல்லும். அடுத்த பதிவுக்கு ஐயாயிரம். இந்த வண்டிகளுக்கு வேலூரின் வழக்கமான டி.என். 23 வரிசை கிடையாது. மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி வரிசை. சுங்கத்துறையின் தாளிலும் வி5சி-யிலும் தயாரிப்பு ஆண்டுச் சான்றிலும் ஒரே எண், ஒரே ஆண்டு, ஒரே எழுத்துக்கூட்டல் என்று கோப்பு ஒழுங்காக இருந்ததால், இப்படியொரு விண்ணப்பம் அபூர்வமாகவே வரும் அலுவலகத்திலும் கேட்பதற்குக் கேள்வி அதிகம் இருக்கவில்லை. அங்கிருந்த ஊழியர் ஒருவர், "சார், இது ராயல் என்ஃபீல்டுதானே?" என்று கேட்டார். சென்னை திருவொற்றியூரில் 1956-இல் புல்லட் தயாரிப்பு தொடங்கிய நாள் முதல் அந்த வண்டியையே பார்த்துப் பழகிய ஊருக்கு, வலது கால் கியரும் தனி கியர் பெட்டியும் உள்ள எந்த வண்டியும் புல்லட்டின் உறவுக்காரனாகத்தான் தெரியும்.

அந்த உறவு பட்டறையிலும் உதவியது. பாய் கைகாட்டிய சத்துவாச்சாரி மெக்கானிக் பழைய புல்லட்டிலேயே கை பழகியவர். மெட்ரிக் அளவுக்கு முந்தைய பிரிட்டிஷ் மரை நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள் அவரிடம் முழு வரிசையாக இருந்தன. மெட்ரிக் ஸ்பேனரை வைத்துத் திருகி நட்டின் மூலைகளை மழுக்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பெட்டியிலிருந்து எடுத்ததும் கிக்கரை மிதிக்க விடாமல், "அண்ணே, கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, முதலில் என்ஜின் அடியிலிருந்து எண்ணெயை வடித்தார். இவ்வகை வண்டிகளில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும்; நெடுநாள் நின்றால் மெல்லக் கசிந்து என்ஜின் அடியில் தேங்கிவிடும். மேக்டைனோவைப் புதிதாகச் சுற்றி வாங்கச் சொன்னதும் அவர்தான். பழைய சுற்றில் மின்காப்புக்குப் பூசிய அரக்கு வெப்பத்தில் இளகும். இங்கிலாந்தின் குளிரில் எழுபது ஆண்டு உழைத்த மேக்னெட்டோ, வேலூரின் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்றார். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் ஒத்துவராது என்பதால், அவற்றையும் மாற்றினார். வேலை நேர்த்தியானது, கூலி நியாயமானது, சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது. இந்த மூன்றையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சேவை யாருக்குப் பொருந்தும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பழம்பெரும் வரிசையில் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் எடுக்க விதி அனுமதிப்பதில்லை. கண்காட்சி, பழைய வண்டிகளின் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காகவே ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏலகிரி மலைக்கு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்பது ஆசையானால், இந்த வழி வேண்டவே வேண்டாம். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ யாருடைய வீட்டுத் திண்ணையிலாவது, செல்லத்தக்க பதிவோடு நிற்கும் பழைய புல்லட்டையோ ஜாவாவையோ வாங்கி, இதில் கால்வாசிச் செலவில் சீர் செய்து, வேண்டிய இடத்துக்கு ஓட்டலாம். குறிப்பிட்ட ஒரு வண்டி, அதுவும் நம் நாட்டில் கிடைக்காத வண்டி வேண்டும், வைத்துப் பார்க்கவும் கழற்றிப் பூட்டவும் ஆண்டில் சில நாள் பேரணியில் ஓட்டவும் போதும் என்பவர்களுக்குப் பாயின் அலுவலகத்தைத் தயங்காமல் சொல்வேன். இங்கே பல இறக்குமதி ஏஜென்ட்டுகள் எந்த வண்டிக்கும் "கொண்டுவரலாம் சார்" என்றே தொடங்குகிறார்கள். 1979-ஆம் ஆண்டு ஹோண்டா ஒன்றுக்குக்கூட எனக்கு அந்தப் பதில் ஓரிடத்தில் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கூடுதலாகக் கொடுத்த கட்டணம் எனக்கு உறுத்தவில்லை.

போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனத்தில் கொள்ளவும். மாத இறுதியில் தோல் கண்டெய்னர்கள் கிளம்பும் நாட்களில் அவர் பேசக்கூட நேரம் ஒதுக்க மாட்டார். மாதத்தின் முதல் வாரமே நல்லது. விற்பவரின் விளம்பரத்தைக் காட்டிப் பயனில்லை. வி5சி-யின் இரு பக்கப் பிரதியும், ஃபிரேம் எண், என்ஜின் எண் இவற்றின் நெருக்கப் படங்களும் கையில் இருக்க வேண்டும். ஆலோசனைக் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறார், வண்டி வேண்டாம் என்று அவரே சொன்னாலும் அதைத் திருப்பித் தருவதில்லை. இறங்கும் இடத்துக் கட்டணங்களை வரிவரியாக எழுதி வாங்கிக்கொண்டு, சரக்கு நிலையத்தில் இலவசமாக எத்தனை நாள் என்பதையும் அதே தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.